எருக்கஞ்செடிக்கு ஒரு ஓட்டு

38,500 ரூபாய்க்கு ஒரு வவுச்சர். மூன்று கொட்டேஷன், பில், கமிட்டித் தீர்மானத்தின் நகல், எல்லாம் ஒழுங்காகப் பின் அடித்து என் கைக்கு வந்தது. இருபது வருடமாக வவுச்சர் பார்த்த கண். தேதி சரி, எழுத்திலும் எண்ணிலும் தொகை சரி, ஜிஎஸ்டி எண் சரி. கையெழுத்துப் போட்டேன். எந்த ஆடிட்டர் வந்தாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு கேவலமான செலவுக்கு நான் இதற்கு முன் கையெழுத்துப் போட்டதில்லை. (வாராக்கடன் கதையை இங்கே இழுக்காதீர்கள். அது வேறு டிபார்ட்மெண்ட்.)

கதைக்கு வருகிறேன். நாக்பூருக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் நான்தான் பொருளாளர். தேர்தல் எல்லாம் இல்லை. "அண்ணா பேங்க்ல இருக்கார், அதுவும் மத்ராஸி, கணக்கு சுத்தமா இருக்கும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயும் சமோசாவும் கொடுத்து ரிஜிஸ்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் வங்கிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோயில் கமிட்டியோ பொங்கல் விழாவோ, பணப்பெட்டி நம்மிடம்தான் வரும், மைக் வேறு யாரிடமாவது போகும்.

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் சொஸைட்டிக்குச் சொந்தமான காலி மனை ஒன்று இருந்தது. பின்னாளில் பார்க்கிங் வரும் என்று விட்டுவைத்த இடம். கோடையில் வெறும் கட்டாந்தரை. ஜூன் பாதியில் மழை இறங்கியதும் பத்தே நாளில் பச்சை போர்த்திக்கொள்ளும். எருக்கு, ஆமணக்கு, தரையோடு படரும் பருப்புக்கீரை, வேலியில் சிறுபூனைக்காலிக் கொடி, முழங்கால் உயரப் புல். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்த எனக்கு அந்த மனையைப் பார்த்தால் ஊருக்கே போய்விட்ட மாதிரி இருக்கும். பால்கனியில் நின்று டீ குடித்துக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கமணி கேட்பார், "அப்படி என்னதான் இருக்கு அந்தக் குப்பையில?" எருக்கம்பஞ்சு பறந்தால் தாத்தாப்பூச்சி என்று துரத்திய வயதை எல்லாம் அவரிடம் விளக்க முடியுமா? அவர் மயிலாப்பூர்.

அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தது நான் அல்ல, என் மகள். நான்காம் வகுப்பு. போன வருடம் ஜூலையில் ஒரு நாள் எருக்க இலையோடு ஒரு புழுவைக் கொண்டுவந்தாள். வெள்ளையும் கறுப்புமாக வளையம் வளையமாக, நடுவில் மஞ்சள் புள்ளி, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. வீட்டில் ஒரே ரகளை. கடைசியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேட்டித் துணியைக் கட்டி வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. தினமும் புது எருக்க இலை. அது தின்ற தீனியைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்லவே மாட்டீர்கள். பிறகு ஒருநாள் தலைகீழாகத் தொங்கி, பச்சை நிறத்தில் கூட்டுப்புழு ஆனது. அதில் பொன் வைத்துத் தைத்தது போல வரிசையாகப் புள்ளிகள். ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அதிலிருந்து வெந்தய வரியன் வெளியே வந்தது. காலாண்டு ரிவ்யூவுக்கு நான் நாற்பது நிமிடம் லேட். காரணம் கேட்டார்கள், டிராஃபிக் என்றேன்.

வெந்தய வரியன் என்ற பெயரை அன்றுதான் தேடிப் பிடித்தேன். ஆங்கிலத்தில் ப்ளெய்ன் டைகர். மகளுக்கு ஹிந்தியில் தித்லி தெரியும், மராத்தியில் புல்பாக்ரு தெரியும், தமிழில் பட்டாம்பூச்சி தெரியும். ஆனால் எந்தப் பட்டாம்பூச்சி என்று சொல்ல மூன்று மொழியிலும் வார்த்தை இல்லை. எனக்கும் இல்லை. நாற்பத்தைந்து வயது வரை எல்லாமே எனக்கு ஒரே 'பட்டாம்பூச்சி'தான். வெந்தய நிறம், அதில் வரி. பெயர் வைத்தவர் யாரோ அஞ்சறைப்பெட்டி பார்த்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்படித் தேட ஆரம்பித்ததில் அகப்பட்டதுதான் இந்தக் குடும்பம். நிம்ஃபாலிடே என்பது அறிவியல் பெயர், தமிழில் வரியன்கள் குடும்பம் என்கிறார்கள். உலகத்திலேயே அதிக வகைகள் கொண்ட பட்டாம்பூச்சிக் குடும்பம் இதுதான், ஏறத்தாழ 6,000 இனங்கள். பட்டாம்பூச்சிக்கும் மற்றப் பூச்சிகளைப் போல ஆறு கால்தான். ஆனால் இந்தக் குடும்பத்தார் உட்கார்ந்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள், நாலுதான் தெரியும். முன்னங்கால் இரண்டும் சிறுத்து, தூரிகை மாதிரி மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். நடக்க உதவாது. அப்புறம் எதற்கு என்றால், ருசி பார்க்க. தாய்ப்பூச்சி இலையில் இறங்கி அந்தக் குட்டைக் கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். இலையின் ரசாயனம் அதில் தெரியும். பிள்ளைகள் தின்னக்கூடிய இலைதானா என்று உறுதி செய்த பிறகுதான் முட்டை வைக்கும். நாம் புது ஊருக்கு மாற்றலாகிப் போனதும் முதலில் ஸ்கூல் எங்கே, பால் எங்கே, தோசை மாவு எங்கே என்று விசாரிப்போமே, அதே கதைதான்.

குடும்பம் என்கிறோமே தவிர, ஒருவரைப் போல ஒருவர் இருக்க மாட்டார்கள். நெல்வயலிலும் புல்லிலும் வளர்ந்து, அந்தி சாயும்போது ட்யூப்லைட்டுக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் அழுக்குப் பழுப்புப் பூச்சி ஒன்று உண்டு. விட்டில் என்று துடைப்பத்தால் தட்டுவோம். அதுவும் இந்தக் குடும்பம்தான், ஈவினிங் ப்ரௌன். மழைக்காலத்தில் பிறந்தால் இறக்கையின் அடிப்பக்கத்தில் கண் கண்ணாகப் புள்ளி இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தால் கண்கள் மங்கிப்போய்க் காய்ந்த சருகு மாதிரி இருக்கும். ஒரே பூச்சி, சீசனுக்கு ஒரு சேலை. மயில் வசீகரனும் இப்படித்தான். மாமரத்து இலையின் நடு நரம்போடு படுத்துக்கொண்டு, பறவையின் இறகு மாதிரி இரண்டு பக்கமும் முள் விரித்து, பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று இருக்கிறது. அது வளர்ந்தால் பேரன் என்ற பூச்சி (நம் பேரன் இல்லை, ஆங்கிலப் பிரபு). காய்ந்த இலை போலவே மூடிக்கொள்ளும் ஆரஞ்சு ஓக்லீஃபும் இந்தக் குடும்பமே. 2020-ல் தேசியப் பட்டாம்பூச்சிக்கு இணையத்தில் ஓட்டுப் போட்டார்களே, அதில் கடைசி மூன்றில் ஒன்றாக வந்தது.

நம் ஊருக்கும் ஒரு சொந்தம் உண்டு. தமிழ்நாடு அரசு 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பறக்கும் ஆரஞ்சு நிறப் பூச்சி. அதன் புழு தின்பது நீரடிமுத்து மரத்தின் இலையை, சித்த வைத்தியத்தில் தொழுநோய்க்கு எண்ணெய் எடுப்பார்களே, அந்த மரம். மகாராஷ்டிரம் நமக்கு முன்பே, 2015-லேயே, ப்ளூ மார்மனை மாநிலப் பூச்சியாக வைத்துவிட்டது. அது வேறு குடும்பம், எலுமிச்சை இனத்து இலைக்காரர். ஆரஞ்சு ஊரான நாக்பூருக்குப் பொருத்தம்தான், ஆரஞ்சு விவசாயியைக் கேட்காத வரை.

சரி, வவுச்சருக்கு வருவோம்.

ஆகஸ்டில் மகள் இன்னொரு பூச்சியைக் காட்டினாள். "அப்பா, வெந்தய வரியன்." நானும் ஆமாம் என்றேன். அவள் மொபைலில் எடுத்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, இது டூப்ளிகேட்" என்றாள். வெந்தய வரியனுக்குப் பின்னிறக்கையின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருக்கும். இதற்கு மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று. இது டேனாய்டு எக்ஃப்ளை என்ற வேறு பூச்சியின் பெண். அதன் ஆண் பூச்சி கறுப்பில் வெள்ளை வட்டமும் ஊதா விளிம்புமாக, ஜோடி என்றே சொல்ல முடியாதபடி இருக்கும். பெண் மட்டும் வெந்தய வரியன் வேஷம் கட்டும். ஏன்? வெந்தய வரியன் எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்திருக்கும். ஒரு தடவை வாயில் போட்ட பறவை மறுதடவை அந்த நிறத்துப் பக்கமே போகாது. எக்ஃப்ளைக்கு நஞ்சு கிடையாது. நிறத்தை மட்டும் கடன் வாங்கிப் பிழைக்கிறது.

கேஷியராக உட்கார்ந்தவனுக்கு இது புரியாதா? கள்ள நோட்டு! வாட்டர்மார்க் பார்ப்பது போலப் புள்ளி எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறாள் என் பெண். கள்ள நோட்டின் விதியும் அப்படியே பொருந்துகிறது. நல்ல நோட்டு நிறையப் புழங்கினால்தான் கள்ள நோட்டு செல்லும். கசக்கிற வெந்தய வரியன் குறைந்து, ருசியான எக்ஃப்ளை அதிகமாகிவிட்டால், பறவைக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆக எருக்கை வெட்டினால் போவது ஒரு பூச்சி மட்டுமல்ல, அதன் பெயரைச் சொல்லிப் பிழைக்கும் இன்னொன்றுக்கும் ஆபத்து. அந்த இன்னொன்று தின்பது என்ன தெரியுமா? பருப்புக்கீரை. இங்கே கோள் பாஜி என்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் அதே கீரை. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தப் பூச்சியை முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் வைத்தார்கள். (2022 திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி அமைத்தார்கள்.) பூச்சிக்குப் புலி அந்தஸ்து கொடுத்த நாட்டில் அதன் சாப்பாட்டுக்குப் பெயர் களை.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். அதுதான் என் குற்றம். தெரியாமல் செய்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

கமிட்டியில் ஒருவர் சொன்னார், பின்பக்கம் அசிங்கமாக இருக்கிறது, "பட்டர்ஃப்ளை கார்டன்" போடலாம் என்று. அந்த வார்த்தையைக் கேட்டதும் நானும் தலையாட்டினேன். கான்ட்ராக்டர் வந்தார். களைக்கொல்லி அடிப்பது, மண் போடுவது, புல் விரிப்பு, பென்டாஸ், டுரான்டா, இட்லிப்பூ, நடுவில் இறக்கை விரித்த ஃபைபர் பட்டாம்பூச்சி ஒன்று (முன்னால் நின்று செல்ஃபி எடுக்க), மொத்தம் 38,500. முதல் வரியில் களைக்கொல்லி என்று இருந்ததை நான் படித்தேன். எருக்கும் கீரையும் அதில்தான் போகப்போகின்றன என்பதும் ஒரு நொடி தோன்றியது. 'நாம சொல்லி என்ன ஆகப்போவுது, இன்னும் ஒரு வருஷம், அப்புறம் டிரான்ஸ்பர்' என்று அடுத்த நொடியே பேனாவை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மகள் ஸ்கூல் விட்டு வந்து பால்கனியில் நின்றாள். எருக்கெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அப்பா, சொஸைட்டி காசு நீதானே குடுக்கிற?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் ஹோம்வொர்க் எழுத உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது என் கருத்து. இந்தப் பட்டர்ஃப்ளை கார்டன் வியாபாரமே பாதிக்குப் பாதி ஏமாற்று. பூ வைத்தால் பூச்சி வரும், வந்து தேன் குடித்துவிட்டுப் போகும். அது ஓட்டல். வீடு என்பது முட்டை வைக்கிற இடம், புழு தின்கிற இலை. அந்த இலையைக் கருக்கிவிட்டுப் பூ வைப்பது, ஊரில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு ஐஸ்கிரீம் கடை திறப்பதற்குச் சமம். அதுவும் வரியன் குடும்பத்தில் பலர் பூவையே சட்டை செய்யாதவர்கள். பேரனுக்கு அழுகிய மாம்பழம் போதும். நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் தேன் குடிக்கும்தான், ஆனால் ஆண் பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்குச் செடியிலும் மொய்த்துக்கொண்டு ஒரு ரசாயனத்தை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயார் செய்கின்றன. இதெல்லாம் எந்த நர்சரி கொட்டேஷனிலும் வராது, ஏனென்றால் விலை போடமுடியாது. கனிந்து போன வாழைப்பழத்தை ஒரு தட்டில் வைத்து மரத்தடியில் போட்டுப் பாருங்கள், யார் யார் வருகிறார்கள் என்று.

எதிர்ப்பக்கம் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு, உண்மை. ஆமணக்கு விதை நஞ்சு, சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுவிடும், அதுவும் உண்மை. என் மகளுக்கே இலையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. ஆனால் எங்கள் சொஸைட்டி கேட்டிலிருந்து லிஃப்ட் வரை இரண்டு பக்கமும் அரளி வைத்திருக்கிறார்களே, அது என்ன அமிர்தமா? ஹைவே நடுவில் மைல் கணக்கில் அதைத்தானே வைக்கிறார்கள்? பூ சிவப்பாக இருந்தால் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது. (ஒரு நன்மை, அரளி இலையில் வெண்புள்ளிக் கருப்பனின் புழு வளர்கிறது. கூட்டைப் பார்த்தால் வெள்ளிக் குங்குமச்சிமிழ் தொங்குவது போல இருக்கும்.) அடுத்தது கொசு. டெங்கு கொசு புதரில் முட்டை வைப்பதில்லை, தேங்கி நிற்கிற தண்ணீரில் வைக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய கூலர் தொட்டிகளை எண்ணினால் எருக்கஞ்செடிகளைவிட அதிகம் வரும். அதைப் பற்றி எந்தக் கமிட்டியும் கொட்டேஷன் வாங்கவில்லை. பாம்பு பயத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள், ராத்திரி டார்ச் எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் காம்பவுண்டுக்குள் சின்ன மாருதி கோயில் இருக்கிறது. மராட்டியர்கள் சனிக்கிழமை மாருதிக்கு எருக்க இலை மாலை போடுவார்கள். எருக்கை இங்கே ரூயி என்பார்கள். பின்பக்கத்து எருக்கை மருந்தடித்துக் கொன்ற பிறகு, அந்த மாலையைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். பில் என்னிடம்தான் வரும். பூஜைச் செலவு, சனிக்கிழமை, ரூயி மாலை. நம் ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குகிறோமே, அதே கூத்துதான். சாமிக்கு ஆகும், சொஸைட்டிக்கு ஆகாது.

ஆனால் நான் எழுத வந்தது செடியைப் பற்றி மட்டும் அல்ல. வெளியூரில் இருக்கும் நம்மைப் பற்றி.

எத்தனை கூட்டங்களில் நாம் வாயைத் திறந்திருக்கிறோம்? மொழி சரியாக வராது. வாடகை வீடு. மூன்று வருடத்தில் மூட்டை கட்ட வேண்டியவன். 'நமக்கெதுக்கு வம்பு' என்பதை நாம் பண்பு என்று நினைத்துக்கொள்கிறோம். மெயின்டனன்ஸ் ஒழுங்காகக் கட்டுவோம், தண்ணீரை வீணாக்க மாட்டோம், சத்தம் போட மாட்டோம், நல்லவர்கள் என்று பெயர் எடுப்போம். நான் இதுவரை இருந்த ஆறு ஊரிலும் அந்தப் பெயரை எடுத்தேன். ஆறு ஊரிலும் ஒரு விஷயத்துக்குக்கூடக் கை தூக்கியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஊருக்குப் போனால் மட்டும் கண்மாயில் கருவேலம் மண்டிவிட்டது, ஆற்றில் மணலை அள்ளிவிட்டார்கள் என்று டீக்கடையில் முழங்குகிறோம். அங்கே நாம் வருடத்துக்குப் பத்து நாள் இருக்கிறோம். மிச்சம் முன்னூற்றைம்பத்தைந்து நாள் இருக்கும் இடத்தில் ஊமை.

மாற்றல் என்பது இந்தப் பூச்சிக் குடும்பத்துக்கும் புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகும் மொனார்க்கைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அது நம் வெந்தய வரியனின் பங்காளிதான். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே நீல வரியனும் கருப்பனும் கூட்டம் கூட்டமாக இடம் மாறுகின்றன. தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, மேற்கு மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் பறந்துவிடும். (வங்கி டிரான்ஸ்பர் லிஸ்ட்டும் அதே மாதங்களில்தான் வருகிறது, கவனிக்கவும்.) அக்டோபர், நவம்பரில் கூட்டம் திரும்ப மேற்கே போகும். போன ஊரில் அது சும்மா இருந்துவிட்டு வருவதில்லை. இறங்கிய இடத்தில் இலையைத் தட்டிப் பார்க்கிறது, முட்டை வைக்கிறது. திரும்பிப் போகிற கூட்டத்தில் அங்கே பிறந்தவையும் இருக்கும். 'எனக்கு இது சொந்த ஊரில்லை' என்று எந்தப் பூச்சியும் சாப்பிடாமல் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஜெனரல் பாடி நடந்தது. கணக்கு வாசித்து முடித்ததும் நான் உட்காராமல் நின்றேன். என் ஹிந்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆண்பால் பெண்பால் எல்லாம் இஷ்டத்துக்கு வரும். அதில் இரண்டு வாக்கியம் மராத்தி வேறு கலந்தேன். 38,500 செலவு செய்தோம், புல் விரிப்பு பாதி காய்ந்துவிட்டது, ஃபைபர் பட்டாம்பூச்சியைத் தவிர வேறு பட்டாம்பூச்சி எதுவும் தங்கவில்லை, ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் பத்தடிக்கு முப்பதடி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், மருந்தடிக்க வேண்டாம், வேலி போட்டுக் குழந்தைகள் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, இதற்கு சொஸைட்டி ஒரு பைசா தர வேண்டாம் என்றேன். சிரித்தார்கள். "அண்ணாவுக்குக் களை மேல் காதல்" என்றார் ஒருவர். கைதூக்கச் சொன்னார்கள். என் பக்கம் பதினொன்று, எதிர்ப்பக்கம் பத்தொன்பது. தோற்றேன்.

தோற்ற பிறகு ஒன்று நடந்தது. மாருதி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் காகா எழுந்தார். எழுபது வயதுக்கு மேல், அதிகம் பேசமாட்டார். ரூயி மாலைக்கு வாரா வாரம் காசு எதற்கு, ஓரத்தில் நாலு செடி இருந்தால் என்ன போச்சு என்றார், அவ்வளவுதான். பத்தொன்பதில் எட்டுப் பேர் உடனே கட்சி மாறினார்கள். நிம்ஃபாலிடே, கள்ள நோட்டு, புலி அந்தஸ்து என்று நான் அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசியதற்குக் கிடைக்காதது, அவருடைய இரண்டு வரிக்குக் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தீர்மானம். மினிட்ஸில் ஏறியாகிவிட்டது, எழுதியது நான்தான்.

எருக்கு சாகவில்லை. ஆழமாக வேரோடுகிற செடி, மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். இந்த மழைக்கு மூன்று செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது. கீரை தானாக வந்தது. ஆமணக்கு வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன், கீழ்த்தளத்தில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வெந்தய வரியன் வந்துவிட்டது. எக்ஃப்ளையை இன்னும் காணோம்.

என் பெயர் அடுத்த ஏப்ரல் லிஸ்ட்டில் நிச்சயம். போகும் ஊரில் சொஸைட்டி ரிஜிஸ்டரை யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்வேன், ஆனால் மைக்கும் கேட்பேன் என்று தங்கமணியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "முதல்ல ஹிந்திய சரிபண்ணுங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் காகா மாலைக்கு இலை பறிக்க வருவார். முதல் வாரமே மகள் வேலிப் பக்கம் போய் நின்று, இலைக்கு அடியில் முட்டை இருக்கும், ஒவ்வொன்றையும் பார்த்துப் பறியுங்கள் என்று மராத்தியில் சொல்லிவிட்டு வந்தாள். கடுகைவிடச் சின்னது, அவர் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். போன வாரம் பால்கனியிலிருந்து பார்த்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இலையைத் திருப்பி மூக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார், சிலதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.